பதிலாள் வரட்டும் என்றார்கள்

தேசிக்காயின் எலுமிச்சை மணம் பட்டாலே எனக்கு இப்போது கோபம் வருகிறது. இன்று காலை குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குள் இறங்கியதும் பக்கத்தில் இருந்த பெண் ஒரு தேசிக்காயைக் கசக்கி மூக்கில் பிடித்தாள். நம்முடைய நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் ஆங்கில ரீச்சர். உம்முடைய இடத்துக்கு வந்தவள். நீரும் இப்படித்தான், டீசல் நாற்றம் தாங்காமல் கரை வரும்வரை தேசிக்காயும் கையுமாக இருப்பீர். "அக்கா, பதினோராம் வகுப்புக்கு பிரசென்ற் ரென்ஸில இருந்து தொடங்கிட்டன்" என்றாள். வந்த ஆத்திரத்துக்கு அவளைக் கடலில் தள்ளியிருப்பேன். பாவம், அவளில் என்ன பிழை?

அங்கே வந்த ஆங்கில ஆசிரியர்கள் எல்லோரும் அப்படித்தானே செய்தார்கள். ரென்ஸில் தொடங்குவார்கள், பாதியில் இடமாற்றம் கிடைக்கும், போய்விடுவார்கள். அடுத்தவர் வந்து மறுபடியும் ரென்ஸ். "இந்தப் பிள்ளையள் பிரசென்ற் ரென்ஸ் படிச்சே கிழடாகப் போகுதுகள்!" என்று நீர் ஒருநாள் கத்தினீர். வந்த கிழமையே நீர் எடுத்த பாடம் ஜெரண்டும் இன்ஃபினிற்றிவும். எந்தச் சொல்லுக்குப் பின்னால் 'இங்' (ing) வரும், எதற்குப் பின்னால் 'ரு' (to) வரும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு அதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

கரும்பலகையின் நடுவே கோடு கிழித்தீர். என்ஜோய், ஃபினிஷ், அவொயிட் எல்லாம் ஒரு பக்கம், அவற்றுக்கு 'இங்'. வோன்ற், ஹோப், டிசைட் மற்றப் பக்கம், அவற்றுக்கு 'ரு'. "செய்யிறது, செய்து முடிச்சது எண்டால் அநேகமாய் இந்தப் பக்கம். இனிச் செய்யப்போறது, ஆசை, திட்டம் எல்லாம் அந்தப் பக்கம். எல்லாத்துக்கும் சரிவராது, ஆனா சோதினைக்குக் காணும்" என்றீர். பிறகு சொந்த வாக்கியம் கேட்டீர். 'ஐ என்ஜோய் ஃபிஷிங்' என்று ஒரு குரல். மிச்சப் பேர் எல்லாம் 'ஐ வோன்ற் ரு கோ ரு கனடா'. "கனடாவை விட்டால் வேற ஆசையே இல்லையோ உங்களுக்கு?" என்று நீர் தலையில் அடித்துக்கொள்ள, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

அந்த வருடம் ஆங்கிலத்தில் நிறையப் பிள்ளைகள் சித்தியடைந்தார்கள். அதுவே உமக்கு எமனாகப் போனது. நெஞ்சுநோ வந்து, படகுப் பயணம் கூடாது என்று டொக்டர் துண்டு தந்து, இடமாற்றம் கேட்டுக் கல்விக் கந்தோருக்குப் போனீர். நானும் கூட வந்தேன். "இவ்வளவு நல்லாய்ப் படிப்பிக்கிற ஆளை எப்பிடி ரீச்சர் விடுறது? பதிலாள் வரட்டும், அண்டைக்கே விடுறம்" என்றார் கந்தோர்ப் பெரியவர், கதிரையை விட்டு அசையாமல். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து அழுதீர். "எனக்கு ஏலாதப்பா. என்னை விடச் சொல்லும்." யாரிடம் சொல்வது? பதிலாள் வரவில்லை. மாரிக் கடலில் நீர் போய்வந்துகொண்டே இருந்தீர். பிறகு ஒருநாள் படகுக்கு வரவில்லை.

நீர் செத்த மறுகிழமை பதிலாள் வந்துவிட்டாள்! உயிரோடு கேட்டபோது இல்லாத ஆள் எங்கேயிருந்து முளைத்தாள்?

போன கிழமை உம்முடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. நாரந்தனையில் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு நினைவு மலர் கொடுத்தார்கள். முதல் பக்கத்தில் அந்தப் பெரியவரின் செய்தி. தீவுப் பிள்ளைகளைப் பிரிய மனமில்லாமல் இடமாற்றத்தை மறுத்த தியாகச் சுடராம் நீர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உம்முடைய கணவர் குனிந்து, "விடும் தங்கச்சி, செத்தவளுக்கு நல்ல பேர்தானே" என்றார். பெரியவர் அதை மைக்கிலும் வாசிக்கத் தொடங்கினார். நான் எழும்பிவிட்டேன்.

"பொய் ஐயா. அவ போகக் கேட்டவ. அழுது கேட்டவ. நீங்கள்தான் விடேல்லை."

"துக்க வீட்டில என்ன கதை இது?" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். அப்போது உம்முடைய கணவர் எழும்பினார். "ஓம் ஐயா. கேட்டவள்" என்றார். பெரியவர் மலரை மடித்து வைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார்.

உம்மைத் தியாகி என்று சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நீர் தியாகம் செய்யவில்லை. நீர் உயிரோடு இருக்க ஆசைப்பட்டீர், அதை வாய்விட்டுக் கேட்டீர், அவர்கள் தரவில்லை. கேட்கிறவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொண்டே இருப்பேன். என் கோபம் ஆறவில்லை. ஆறவும் விடமாட்டேன்.