கிளிப்பச்சைப் படகு

கோட்டைக்குப்பம்
4.11.2024

ஊர் சுற்றும் பத்திரிகாசிரியர் மாசிலாமணி அவர்களுக்கு, வீட்டில் இருக்கும் மனைவி ஜமுனா எழுதுவது.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் என்னைச் சிரிக்க வைத்து நழுவிவிடுவீர்கள். இப்போது நான் சிரிக்கக் கூடாது.

உங்கள் 'உப்புக்காற்று' இதழ் பழவேற்காடு டீக்கடைக்கு வந்துவிட்டது. "என் மச்சான் ஒருவர் தன் முறை இல்லாத நாளில், அடுத்தவருக்குப் பாடு விழுந்த இடத்தில் வலை கட்டிவிட்டு, காற்று தள்ளிவிட்டது என்று கிளிப்பச்சைப் படகில் உட்கார்ந்து சிரித்தார்." நீங்கள் எழுதியதுதான். அன்றைய பாடு பச்சைமுத்துவுடையது. அவர் அண்ணனைத் தேடி நேரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"இன்னா கோதண்டம், உன் மாப்ள எழுதிக்கிறாரே, நெஜமா?"

"அவரு கத எழுதறவரு, வுடுப்பா" என்றான் அண்ணன்.

விடவில்லை. 24ஆம் தேதி ஞாயிறு ஊர்க்கூட்டம். ஏரியில் யார் எந்த நாள் எங்கே வலை கட்டுவது என்று ஊர் சீட்டுப் போட்டுப் பிரித்ததை மீறினால், ஒரு வருஷம் பாடு கிடையாது. இறால் வரும் காலம் இது. உங்கள் மச்சான் வீட்டு உலை மட்டுமல்ல, நம் வீட்டு உலையும் அந்தப் பாட்டை நம்பித்தான் கொதிக்கிறது.

கற்பனை என்று எழுதிக் கொடுங்கள்.

ஜமுனா

நெல்லூர், ஒரு லாட்ஜ்
9.11.2024

அன்பும் கோபமும் நிறைந்த ஜமுனாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மூட்டைப்பூச்சிகள் என்னைவிட நன்றாக எடிட் செய்கின்றன; இரண்டே நாளில் என்னைப் பாதியாக்கிவிட்டன.

நான் பெயர் போட்டேனா? 'மச்சான் ஒருவர்' என்றுதானே எழுதினேன்! உலகத்தில் எத்தனை மச்சான்கள்!

இனி விளையாட்டு இல்லை. ஏரியில் கழிவைத் திறந்துவிட்ட இறால் பண்ணைக்காரரைப் பற்றி எழுதினேனே, அவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். அவர் சொல்வது ஒன்றுதான்: மாசிலாமணி இட்டுக்கட்டுகிற ஆள். இந்த நேரத்தில் 'நான் இட்டுக்கட்டினேன்' என்று நானே அச்சடித்தால், அதை லேமினேட் செய்து கோர்ட்டில் நீட்டுவார். இத்தனை வருஷத்தில் தொப்பை ஒன்றைத் தவிர நான் சேர்த்தது, எழுதியதெல்லாம் நிஜம் என்ற பெயர்தான். அதைக் கேட்காதே.

மச்சான் சமாளிப்பார். காற்றையே சாட்சிக்குக் கூப்பிட்டவர் அல்லவா.

உன் மாசி

கோட்டைக்குப்பம்
13.11.2024

அவருக்கு,

நீங்கள் பெயர் போடவில்லை, சரி. ஊரில் கிளிப்பச்சைப் படகு எத்தனை? ஒன்று. "கண்ணு கூசுது மச்சான், தூரத்துலயே தெரியுது" என்று பெயின்ட் அடித்த அன்று நீங்கள்தான் கிண்டல் செய்தீர்கள்.

இன்னொன்று. அண்ணன் சொல்ல வேண்டாம் என்றான், சொல்கிறேன். நீங்கள் ஆடி மாதம் ஒரே ஒரு நாள் வந்தீர்கள். வந்ததும் வராததுமாக, "ஏரிக்கரையில பொண்ணு எடுத்தும் எறா இல்லாத சோறா?" என்றீர்கள். அண்ணன் காதில் விழுந்தது. அவன் முறை மறுநாள்தான். மறுநாள் நீங்கள் எந்த பஸ்ஸில் இருப்பீர்களோ, யாருக்குத் தெரியும்? அதனால் அன்றைக்கே பச்சைமுத்து பாட்டில் கட்டினான்.

அந்த இறாலைத் தின்றது நீங்கள். இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கி. வாயில் இறாலோடு அவன் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய் எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் பெயர் உங்களுக்கு. பண்ணைக்காரரை ஜெயித்து வாருங்கள். வரும்போது இந்த வீட்டுக் கதவு திறக்குமா என்று நான் இப்போது எழுத மாட்டேன்.

ஜமுனா

சூலூர்பேட்டை
18.11.2024

ஜமுனா,

கீழே உள்ளது அச்சுக்குப் போய்விட்டது. சனிக்கிழமை டீக்கடையில் கிடைக்கும்.

"சென்ற இதழில் வலை கட்டிய மச்சானைப் பற்றி எழுதியது முழுக்க என் கற்பனை. அப்படி ஒன்று நடக்கவே இல்லை. பக்கத்தை நிரப்பப் பொய் எழுதினேன். — ஆசிரியர், மாசிலாமணி."

என் வக்கீல் போனில் கத்தினார். பிறகு கத்தக்கூட இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

குழம்பு நன்றாக இருந்தது. அன்றைக்குச் சொல்லவில்லை.

மாசி

கோட்டைக்குப்பம்
25.11.2024

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று கூட்டம். உங்கள் மறுப்பைப் பச்சைமுத்துதான் படித்தார். 'பக்கத்தை நிரப்பப் பொய் எழுதினேன்' என்ற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். "பேப்பர்காரன் புளுகன்னு அவனே ஒத்துக்கினான்டா" என்று ஒருவர் கை தட்டினார். அண்ணன் தப்பித்துவிட்டான் என்று நான் முந்தானையால் முகத்தைத் துடைத்தேன்.

அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"சிரிக்காதீங்க. எங்க மாப்ள புளுகுறவரு இல்ல. நான் கட்டினேன். அவரு எழுதினது நெஜம்."

உட்காரச் சொல்லி நான் இழுத்த சட்டை கிழிந்ததுதான் மிச்சம். ஒரு வருஷம் பாடு இல்லை. படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டாயிற்று. கவிழ்த்தாலும் கிளிப்பச்சைதான், ஊருக்கே தெரிகிறது. நாளையிலிருந்து நானும் அண்ணியும் கையால் இறால் தடவ ஏரியில் இறங்குகிறோம்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் உங்களுக்குக் கை துறுதுறுக்கும். 'நான் முதலில் எழுதியதுதான் நிஜம், மறுப்புதான் பொய்' என்று இன்னொன்று போட்டால் உங்கள் வழக்கு பிழைக்கும். அண்ணன் போடச் சொல்கிறான். போடுங்கள். போட வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

ஆனால் அந்த மறுப்பு வந்த இதழை நான் எடுத்து வைத்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் இந்த வீட்டுக்காக நீங்கள் எழுதியது அது ஒன்றுதான்.

இனி போன் செய்யலாம். எடுப்பேன்.

ஜமுனா