எரியாத கரித்துணி

ஜலகண்டாபுரம்
விய வருஷம், கார்த்திகை 12
(நவம்பர் 1946)

பம்பாயில் இருக்கும் என் தம்பி கந்தவேலுக்கு அக்காள் தெய்வநாயகி ஆசீர்வாதம் செய்து எழுதுவது. நீயும் மயிலம்மாளும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

இதுவரை உனக்கு வந்த கடிதங்கள் எல்லாம் உன் மாமா சொல்லச் சொல்ல எங்கள் முத்தாயம்மாள் எழுதியவை. "இவ்விடம் யாவரும் க்ஷேமம்" என்பதற்கு மேல் அவற்றில் ஒன்றும் இருந்திருக்காது. அவர் சொல்ல மாட்டார், மகளும் அப்பாவை மீறி ஒரு எழுத்து எழுத மாட்டாள். அதனால் இதை நானே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை, எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். சிரித்துக்கொள், ஆனால் கடைசிவரை படி.

முதலில் நல்ல சேதி. உன் மாமாவுக்கு க்ஷயம் இல்லை.

க்ஷயம் என்று எப்போது சொன்னார்கள் என்று நீ கேட்பாய். போன வருஷம் ஐப்பசியிலேயே சொல்லிவிட்டார்கள். உனக்குத் தெரிய வேண்டாம் என்று அவர் மறைத்தார், நானும் உடந்தையாக இருந்தேன். வறட்டு இருமல், இளைப்பு, ராத்திரியில் வியர்வை. உள்ளூர் வைத்தியர் நாடி பிடித்து, என்ன வேலை என்று கேட்டார். மாமா "நெசவுங்க" என்றார். பஞ்சுத் தூசும் பட்டினியும் சேர்ந்து க்ஷயத்தில் விட்டுவிட்டது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அவர் மேல் குற்றமில்லை. நம் ஜனத்தில் தறிக்குழியில் உட்கார்ந்து இருமினவர்களை அவர் நிறையப் பார்த்தவர்.

அன்று முதல் அவருக்குத் தனித் தட்டு, தனிச் சொம்பு, தறிக்கொட்டகையில் தனிப் படுக்கை. முத்தாயம்மாளைக் கொட்டகைக்கு உள்ளே விடவில்லை. அவள் வாசற்படியில் நின்று சாப்பாட்டை நகர்த்தி வைத்துவிட்டு வருவாள், அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு வருஷம் இப்படி நடத்தினேன், தம்பி. நினைத்தால் என் மேல் எனக்கே கோபம் வருகிறது. ராசிபுரத்தில் செங்கோட்டையன் மகன் சின்னராஜுக்கு அவளைப் பேசி வைத்திருந்தோம் அல்லவா, அதுவும் நின்றுபோயிற்று. அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

இந்த ஐப்பசியில் அவரால் படுக்கவே முடியவில்லை. உட்கார்ந்தபடியேதான் தூக்கம். இனிப் பொறுப்பதில்லை என்று பஸ் ஏற்றி, சேலத்துக்கு டாக்டர் சுவாமிநாதனிடம் கூட்டிப்போனேன். சீமையில் படித்து வந்தவர், நெஞ்சைப் படம் பிடித்துப் பார்க்கிறார். அவரும் என்ன வேலை என்று கேட்டார். இவர் மறுபடியும் "நெசவுங்க, பத்து வயசுலேருந்து" என்றார். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். நெசவுக்காரர் நெஞ்சு இப்படி இருக்காதே என்று அவருக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

அப்போது ஒன்று நடந்தது. ஊசியைக் கொதிக்க வைத்திருந்த பாத்திரத்தை நர்ஸம்மா ஒரு துணியால் பிடித்து இறக்கினாள். துணியின் ஓரம் பற்றிக்கொண்டது. அவள் கீழே போட்டு மிதித்தாள். என் வாய் சும்மா இருக்காதே. "எங்க ஊட்டுக் கரித்துணி எரியாதுங்க" என்றேன். நர்ஸம்மா சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. எரியாத துணி ஏது என்று கேட்டார்.

பம்பாய்க் கல்நார் ஆலையைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். கல்லை நாராக்கி, நாரை நூலாக்கி, அந்த நூலில் பாய்லருக்கும் என்ஜினுக்கும் துணி நெய்கிற ஆலை என்றும், இவர் அங்கே இருபத்திரண்டு வருஷம் தறி ஓட்டினார் என்றும் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார். உன் மாமா சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்:

"தறியில ஏறுனா எல்லாம் நூல்தானுங்களே."

அதுதான் நாங்கள் செய்த பிழை. பொய் சொல்லவில்லை, மறைக்கவுமில்லை. பட்டு என்றாலும் பருத்தி என்றாலும் கல் என்றாலும் நமக்கு நெசவு நெசவுதான். அந்த ஒரு வார்த்தையால் ஒரு வருஷம் போயிற்று.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். கல்நார்த் தூசு ஊசி மாதிரி. மூச்சோடு உள்ளே போனால் வெளியே வராது. வருஷக்கணக்கில் அங்கேயே குத்திக்கொண்டு கிடக்கும், நெஞ்சு கெட்டிப்பட்டுப் போகும். சீமையில் பதினைந்து வருஷத்துக்கு முன்பே இந்தத் தூசுக்கென்று சட்டம் போட்டுவிட்டார்களாம். சிலருக்கு வேலையை விட்டு வெகு காலம் கழித்து நெஞ்சில் கட்டியும் வருகிறதாம். அங்கே சில டாக்டர்கள் அதை எழுதி வைத்திருக்கிறார்கள், இன்னும் எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை என்றார்.

உன் மாமாவுக்கு அந்தக் கட்டி இருக்கிறது. வலது பக்கம், விலாவை ஒட்டி. புற்று என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். நான் வெளியே வந்தபோது மாமா என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார், நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அழுதேன், தம்பி. ஆஸ்பத்திரி வாசலில் கொய்யாப்பழம் விற்கிறவளுக்கு முன்னால் நின்று அழுதேன். அதை இங்கே எழுதிவிட்டேன், இனி எழுத மாட்டேன்.

விலாவில் நீர் கோத்திருந்தது. இரண்டு சொம்புக்கு மேல் இறக்கினார்கள். அன்று ராத்திரி அவர் நீட்டிப் படுத்துத் தூங்கினார். குறட்டை கூட விட்டார். பம்பாயில் அந்தக் குறட்டைக்காக எத்தனை நாள் சண்டை போட்டிருப்பேன், உனக்கே தெரியும். அன்றைக்கு விடிய விடியக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். இனி மாசத்துக்கு ஒரு தடவை போய் இறக்கிக்கொண்டு வர வேண்டும். ராகிக் களி ஒரு உருண்டை சாப்பிடுகிறார். தறியருகில் உட்கார்ந்து, அறுந்த இழையை முத்தாயம்மாள் சரியாக முடிச்சுப் போடவில்லை என்று திட்டுகிறார். அவர் திட்டுவதைக் கேட்டு அவள் சிரிக்கிறாள். அவர் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிடவும் செய்கிறாள்.

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு நானே ராசிபுரம் போனேன். இது ஒட்டுகிற நோய் அல்ல என்று அதில் இருந்தது. செங்கோட்டையன் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு அவர் சம்சாரம் காப்பி கொண்டுவந்து வைத்தாள், பாதியில் நிறுத்திய பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். தை இருபதாம் தேதி முகூர்த்தம் வைத்தாகிவிட்டது.

இனி அந்தத் துணி விஷயம். உன் மாமா ஒவ்வொரு தடவை லீவில் வரும்போதும் உறவுக்காரர் வீடுகளுக்கெல்லாம் அதில் ஒவ்வொரு துண்டு கொடுத்தது நினைவிருக்கும். அடுப்பில் போட்டு எடுத்து வேடிக்கை காட்டுவார், பெண்டுகள் வாய் பிளப்பார்கள். அதில் எனக்கும் பெருமை இல்லாமல் இல்லை. அந்தத் துண்டுகளையெல்லாம் நனைத்துப் புதைத்துவிடச் சொன்னார் டாக்டர். ஏழு வீட்டுக்கு நடந்தேன். ஆறு வீட்டில் கொடுத்துவிட்டார்கள். அடுத்த தெருக் கண்ணாத்தாள் மட்டும் கொடுக்கவே மாட்டேன் என்றாள். சண்டை போட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. மறுநாள் அவளே வந்து என்னைத் தனியே கூப்பிட்டு உண்மையைச் சொன்னாள். இரண்டு வருஷமாக அவள் அம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தது வேப்பிலைக்கு அடியில் அந்தத் துணியை மடித்து வைத்துத்தானாம். அம்மன் கோபித்துக்கொள்வாளோ என்று நடுங்கினாள். அம்மனுக்கு இப்போது வேறு கவலை இருக்கிறது, நீ துணியைக் கொடு என்று வாங்கிக்கொண்டு வந்தேன். யாரிடமும் சொல்லிவிடாதே.

இப்போது உன் விஷயம். இதற்காகத்தான் இந்தக் கடிதமே.

சேலத்திலிருந்து பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். ஓமலூரில் பஸ் நின்றபோது டீ வேண்டுமா என்று உன் மாமாவைக் கேட்டேன். "கந்தவேலை நாந்தான நாயகி இழுத்துட்டுப் போனேன்" என்றார். அவ்வளவுதான். தனக்கு எத்தனை மாசம் என்று அவர் டாக்டரையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. அன்றிலிருந்து சாப்பிடும்போதும் படுக்கும்போதும் உன் பேச்சுதான்.

நீ அங்கே போய்ப் பத்து வருஷம் ஆகிறது. இப்போது மேஸ்திரி, பன்னிரண்டு தறிக்குப் பொறுப்பு. அதை விட்டுவிட்டு வா என்றால் உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். உடம்புக்கு ஒன்றுமில்லை என்பாய். போன வருஷம் சித்திரையில் வந்தபோது பஸ் நிற்கிற இடத்திலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றாய். வெயில் என்றாய். நானும் வெயில் என்றே நினைத்தேன். மாமாவும் முதலில் வெயில் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டரிடம் உன்னைப் பற்றிக் கேட்டேன். தூசை விட்டு எவ்வளவு சீக்கிரம் வெளியே வருகிறானோ அவ்வளவுக்கு நல்லது, சின்ன வயசு, கூட்டி வா, படம் பிடித்துப் பார்க்கலாம் என்றார். அவர் முகம் நம்பிக்கையாகத்தான் இருந்தது. என்னையும் சோதித்துப் பார்த்தார். அங்கே இருந்த வருஷமெல்லாம் தூசு படிந்த மாமா சட்டையை உதறித் துவைத்தவள் நான்தானே. இப்போதைக்கு ஒன்றுமில்லை என்றார். ஆனால் மயிலம்மாளை இன்றிலிருந்து உன் சட்டையை உதற விடாதே. வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கச் சொல்.

வந்தால் பிழைப்பு என்ன என்று யோசிப்பாய். நூல் பங்கீட்டுக் காலம், கேட்டவர்களுக்கெல்லாம் நூல் கிடைப்பதில்லை, மெய்தான். நெசவாளர் சங்கத்து மாரியப்பனிடம் பேசிவிட்டேன். எங்கள் கொட்டகையில் இரண்டாவது தறிக்குழி சும்மாதான் கிடக்கிறது. நீ தைக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் உன் பேரில் நூல் தருவதாக ஒப்புக்கொண்டார். பம்பாய்ச் சம்பளம் வராது. பருத்தி நூல் வரும்.

உன் கீழே இருக்கிற ஆட்களை விட்டு வர மனசு வராது என்பதும் தெரியும். அதற்கு மாமா ஒரு வழி சொல்லச் சொன்னார். சீமையில் இப்போது நூலை ஈரம் பண்ணித்தான் நெய்கிறார்களாம், தூசு எழும்புவதில்லையாம். இதை டாக்டர் சொன்னதும் மாமா தலையில் அடித்துக்கொண்டார். கஞ்சியில் நனைக்காமல் நாம் ஒரு பாவு நூலையாவது தறியில் ஏற்றியிருக்கிறோமா? அந்த ஆலையில் நனைத்தால் துணி எடை கூடிவிடும் என்று மேனேஜர் தடுத்தார், இவர்களும் சரி என்று காய்ந்த நூலையே ஓட்டினார்கள். டாக்டர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். அதை மேனேஜர் கையில் கொடு. ஆட்கள் எல்லோரையும் கூட வைத்துக்கொண்டு கொடு. பன்னிரண்டு தறியும் ஈரத்தில் ஓடுவதைப் பார்த்துவிட்டு நீ கிளம்பு.

கல்யாணத்துக்கு லீவு போட்டு வராதே. மூட்டை கட்டிக்கொண்டு வா, மயிலம்மாளையும் கூட்டிக்கொண்டு வா. முத்தாயம்மாளுக்குத் தாய்மாமன் நீ ஒருத்தன்தான். மாலை போட்டு அவளை மணவறைக்கு நீதான் அழைத்துவர வேண்டும். உன் மாமா அன்றைக்கு வேட்டி கட்டி உட்கார்ந்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எவ்வளவு நேரம் உட்கார முடியும் என்பதுதான் தெரியவில்லை. அவருக்குப் பக்கத்தில் உனக்கு ஒரு பலகை போடச் சொல்லியிருக்கிறேன்.

இதை எழுதி முடித்து அவருக்குப் படித்துக் காட்டினேன். ஏன் இத்தனை நீளம் என்றார். கீழே கொஞ்சம் இடம் விடச் சொன்னார், அவரே எழுதப் போகிறாராம். விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும் அக்காள்
தெய்வநாயகி

கந்தவேலு, அன்றைக்கு நான் கூப்பிட்டேன், ஒரு வார்த்தை கேட்காமல் வந்தாய். இப்போதும் நான்தான் கூப்பிடுகிறேன். வா, சாமி.

மருதாசலம்