வான்ஜிரு வீட்டு வெள்ளிக்கிழமை

அன்புள்ள அத்தான்,

போனில் என் குரலைக் கேட்டதுமே வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வரச் சொன்னீர்கள். ஒரு மாதமாக நான் பதில் சொல்லவில்லை. எழுதினால்தான் சொல்ல வரும்.

நான் கவுன்சலிங் கொடுத்துவந்த ஒரு தொழிலாளி போன மாதம் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். முதலில் அவரை என்னோடு வேலை பார்க்கும் வான்ஜிருவிடம்தான் அனுப்பினார்கள். கென்யாக்காரியான அவள் தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்கு உதவுவதற்கென்றே படித்தவள். "இந்தக் கறுப்பம்மா வேண்டாம், நம்ம ஆளு போதும்" என்றார் அவர். அந்தப் படிப்பு இல்லாத நானும் மறுபேச்சில்லாமல் அவரை என் அறைக்கு அழைத்துக்கொண்டேன்.

அவர் இறந்த பிறகு என்னைத் தேடி வந்தவள் வான்ஜிருதான். இந்த வளைகுடா நகரத்திலுள்ள ஆப்பிரிக்கக் கவுன்சலர்கள் வெள்ளிக்கிழமைகளில் நஜ்மா பகுதியில் அவள் வீட்டில் கூடி, தாங்கள் பட்ட அவமானங்களையும் இழந்தவர்களையும் பற்றிப் பேசி ஆறுதல் அடைகிறார்கள். என்னையும் அழைத்தாள். நான் செய்ததை அங்கே சொல்லி அழுதேன்.

"அவர் என்னை ஏன் வேண்டாம் என்றார் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். முதலில் சாப்பிடு" என்றாள். அவள் என்னைக் கடிந்திருக்கலாம், அத்தான். தட்டில் சோறு போட்டாள்.

நேற்று நம் ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவரும் வான்ஜிருவைப் பார்த்ததும் வேறு ஆளைக் கேட்டார். "அண்ணே, இதுக்குன்னே படிச்சவங்க அவங்கதான். நான் கூட இருந்து தமிழ்ல சொல்லுதேன்" என்றேன். அரை மனதோடு உட்கார்ந்தவர் ஒரு மணி நேரம் பேசினார். போகும்போது, "அடுத்த வாரமும் அந்த அக்கா இருப்பாங்கல்லா?" என்று கேட்டார்.

டிக்கெட் போட வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரி