சுவரைப் பார்த்து நின்ற நேரம்

அக்கா,

இன்று காலையும் உங்கள் பழைய லேப்டாப்பைப் போட்டேன். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்து கடவுச்சொல் கேட்கிறது. நீங்கள் போனதிலிருந்து அதற்குப் பதில் தெரியாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

இதே மேசைதான். திண்டிவனத்தில் இருக்கும் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு விழுப்புரத்திலிருந்து வக்கீல் கோட்டோடு பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். வீட்டில் அடி வாங்கும் பெண்கள் உங்களிடம் பேசிய பதிவுகள் இந்த லேப்டாப்பில் இருந்தன. "இது திருடு போனாலும் ஒருத்தனும் தொறக்கக் கூடாதுப்பா. நீயும்தான். நாளைக்கி உன்ன மெரட்டினா இன்னா பண்ணுவ?" என்றீர்கள். பதிவுகளை வெளியே எடுத்து வைத்து, லினக்ஸ் ஏற்றி, டிஸ்க் முழுவதையும் பூட்டி, திரும்ப உள்ளே போட்டேன். வெளியே எடுத்த நகலையும் உங்கள் கண்முன்னாலேயே அழிக்கச் சொன்னீர்கள்.

"மறந்துட்டா என்னாலயும் முடியாதுக்கா. எங்கயாவது எழுதி வச்சிக்குங்க."

"எழுதி வச்சா அப்புறம் பூட்டு எதுக்குப்பா?"

கடவுச்சொல் போடும் நேரத்தில் என்னைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்க வைத்தீர்கள். கடைக்காரனை அவன் கடையிலேயே! "இன்னாப்பா, தட்டிக்கினே இருக்கேன், ஒரு எழுத்தும் வரல?" என்று ஒரு சலிப்பு. "வராதுக்கா. ஆனா உள்ள போய்க்கினுதான் இருக்கு" என்றேன். ஸ்பேஸ்பாரின் ஒரு முனை தளர்ந்திருந்ததால் நடுநடுவே டொக் என்று சத்தம் கேட்டது; சொற்களுக்கு நடுவே இடம் விடுகிறீர்கள் என்று அதில் தெரிந்தது. முடித்ததும் தனியாகச் சிரித்துக்கொண்டீர்கள். கேட்டேன், சொல்லவில்லை.

அப்புறம் அந்த மாரடைப்பு. லேப்டாப் மட்டும் என் கடைக்குத் திரும்பி வந்தது.

நேற்று மரக்காணம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். புருஷன் மேல் போட்ட வழக்கு அவருடையது. புது வக்கீல் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொல்கிறாராம். "அக்காகிட்ட சொன்னதே பெருசுங்க. இன்னொரு வாட்டி என் வாயில வராது. தொறந்து குடுங்கண்ணா, இல்லன்னா கேஸையே விட்டுட்றேன்" என்றார்.

உங்களுக்குச் சிரிப்பு வரக்கூடிய வார்த்தைகளையெல்லாம் தட்டிப் பார்த்தேன். நீங்கள் திட்டும் ஜட்ஜ், நீங்கள் தவறவிட்ட பஸ், எனக்கு வைத்த பட்டப்பெயர். ஒன்றும் நடக்கவில்லை. நான் போட்ட பூட்டு அது, அதில் சந்து கிடையாது என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியும். உங்கள் மேல் கோபமாக வருகிறது அக்கா. உடனே அழுகையும் வருகிறது.

கடைசியில் அந்தப் பெண் கேட்டார். "அப்ப எம் புருஷன், அந்த ஆளாலயும் தொறக்க முடியாதில்ல?"

"முடியாதும்மா."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அழிச்சிடாதீங்கண்ணா. நான் பேசுனது அது ஒண்ணுலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார். வழக்கை என்ன செய்யப்போகிறார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இன்று தட்டிப் பார்க்க எந்த வார்த்தையும் மிச்சமில்லை. எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன். அந்த டொக் சத்தமும் உங்கள் சிரிப்பும் அப்படியே கேட்கின்றன. என்னிடம் இருப்பது அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு எதையும் திறக்க முடியவில்லை, அக்கா.