நீ மரஹபா சொன்ன ஊர்

அம்மா,

இன்று காலை பக்கத்து வீட்டில் நெத்திலிக் கருவாடு வறுத்தார்கள். தஞ்சாவூரில் நான் குடியிருக்கும் இந்தத் தெருவில் அது அபூர்வம். வாங்கிவருகிறவர்கள்கூட ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் வறுப்பார்கள். நான் காபி டம்ளரும் கையுமாகப் பின்பக்கம் அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு நினைவு வந்தது நம் ஊர் இல்லை, தான்சானியா. அந்த நூற்பாலைக் குடியிருப்பில் எங்கள் வீட்டின் பின்வாசல், கரி அடுப்பு, அதன் முன்னால் குந்தியிருக்கும் நீ.

அங்கே டகா என்று ஒரு பொடி மீன் உண்டு. ஏரியில் பிடித்து வெயிலில் காயவைத்துச் சந்தையில் குவித்திருப்பார்கள். நீ வந்து இறங்கிய முதல் வாரத்தில் உன்னைச் சந்தைக்கு அழைத்துப் போனேன். அதுவரை யாரிடமும் பேசாமல், எதையும் சரியாகச் சாப்பிடாமல் இருந்தாய். அந்த மீனை ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "பேருதான் வேற. இது நம்ம நெத்திலிதான்" என்றாய். அன்று மதியம்தான் வயிறாரச் சாப்பிட்டாய்.

நீ வந்தது என் பிரசவத்துக்காக. நான் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், உன் மாப்பிள்ளை நூற்பாலையில் என்ஜினியர். அப்பா போன பிறகு நீடாமங்கலம் பக்கத்துச் சேரியில் தனியாக இருந்தவளை, ரயிலில் பம்பாய்க்கு வரவழைத்து விமானம் ஏற்றினோம். குழந்தைக்குத் தலை நின்றதும் திரும்பிவிடுவதாகச் சொல்லிக்கொண்டு வந்தாய். பிறந்த குழந்தை கயல் பள்ளிக்கூடம் போகும்வரை இருந்தாய்.

அந்தச் சேரியில் நீ யாராக இருந்தாய் என்பது எனக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும். நீ சொன்னது குறைவு. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு ஊரூராக அறுப்பு நின்றுபோன காலம் அது. மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். நம் பெண்கள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து அவர்களை வயலில் இறங்கவிடவில்லை. முதலில் போய் உட்கார்ந்தவள் நீ என்று அத்தை சொல்லுவாள். கைக்குழந்தையான என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே போலீஸ் வேனில் ஏறினாயாம். ஜெயிலைப் பற்றி நீ என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அங்கதான் மொதமொதல்ல என்னைப் பந்தியில உக்கார வச்சு சோறு போட்டாங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாய்.

ஆட்சி மாறியது. கூலிக்குச் சட்டம் வந்தது, நாம் குடியிருந்த மனைக்குப் பட்டா வந்தது. நான் அரசு விடுதியில் தங்கிப் படித்தேன், நர்ஸ் ஆனேன். இதெல்லாம் சர்க்கார் கொடுத்தது என்று மேடையில் பேசுவார்கள். நீ மறுத்துப் பேசமாட்டாய். "குடுத்தாங்கதான்" என்பாய். கொஞ்சம் பொறுத்து, "நாமளும் கேட்டோம்ல" என்று சேர்த்துக்கொள்வாய்.

கயல் பிறந்த பிறகு வீட்டு வேலைக்கு நீமா வந்தாள். கணவனை இழந்தவள், இரண்டு குழந்தைகளைத் தன் தாயிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவள். முதல் நாள் உள்ளே நுழைந்ததும் உன் முன்னால் வந்து, முழங்காலை லேசாக மடித்து, "ஷிகாமூ, பீபி" என்றாள். பீபி என்றால் பாட்டி. நீ பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டாய்.

"என்ன சொல்லுது அந்தப் பொண்ணு?" என்று கேட்டாய். பெரியவர்களைப் பார்த்தால் இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், உங்கள் காலைப் பிடிக்கிறேன் என்று அர்த்தம் என்றேன்.

மிராசுதார் வீட்டுப் பொடியன் எதிரே வந்தாலும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "கும்பிடுறேங்க" என்று ஒதுங்கி நின்ற காலமெல்லாம் அப்போது உன் மனதில் ஓடியிருக்க வேண்டும்.

"என்னைப் பாத்தா?" என்றாய்.

"வயசுல பெரியவங்க யாரைப் பாத்தாலும்மா."

"வயசு மட்டுந்தானா? வேற ஒண்ணும் கேக்கமாட்டாங்களா?"

வேறொன்றும் கேட்கமாட்டார்கள் என்றேன். பதிலுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டாய். "மரஹபா" என்று சொல்லிக்கொடுத்தேன். அன்று முழுவதும் குழந்தையைத் தூங்கவைத்தபடி அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாய். சில நாட்களில் சந்தையில், ஆஸ்பத்திரி வாசலில், சர்க்கரைக்கும் சோப்புக்கும் நின்ற நீண்ட வரிசைகளில், ஷிகாமூ என்றவர்களுக்கெல்லாம் நிமிர்ந்து நின்று "மரஹபா" என்றாய். உன் முதுகு அவ்வளவு நேரானது என்று எனக்கு அதுவரை தெரியாது அம்மா.

மதியச் சாப்பாட்டுக்கு நீமாவை உன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தாய். அவள் தயங்கினாள், நீ கையைப் பிடித்து உட்காரவைத்தாய். அவள் கிண்டும் உகாலியை "இது களிதானடி" என்று தமிழிலேயே சொல்லி நெத்திலிக் குழம்பை ஊற்றினாய். அவள் ஸ்வாஹிலியில் பேசுவாள், நீ தமிழில் பதில் சொல்வாய். இரண்டு பேரும் ஒருவர் சொன்னதற்கு ஒருவர் சிரிப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் வேலைக்கு வரவேண்டாம், பிள்ளைகளோடு இருக்கட்டும் என்று முதல் வாரமே சொல்லிவிட்டாய்.

குடியிருப்பில் மற்ற வீடுகள் அப்படி இல்லை. எல்லாம் இந்தியக் குடும்பங்கள்தான். குஜராத்திகள், மலையாளிகள், தெலுங்குக்காரர்கள். ஊரில் எப்படி இருந்திருந்தாலும், அங்கே வேலைக்காரி வைத்துக்கொள்ள முடிந்ததும் ஒரு படி ஏறிக்கொண்டார்கள். வேலைக்காரப் பெண்களுக்குத் தனித் தட்டு, பின்வாசல் குழாய், வாரம் ஏழு நாளும் வேலை.

அடுத்த வீட்டில் பாபநாசத்து அம்மாள் இருந்தார். பெரிய மிராசு குடும்பத்தில் பிறந்தவர், அவர் கணவர் நூற்பாலையில் மேலாளர். தஞ்சாவூர் ஜில்லாப் பேச்சைக் கேட்டதும் சந்தோஷமாக வேலியோரம் வந்தார். நடவு, மழை, காவிரியில் தண்ணீர் வந்ததா என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, நம் ஜில்லாவில் எல்லோரும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"நீங்க அங்க எந்தத் தெரு?"

"தெரு இல்லைங்க. சேரி" என்றாய், கொடியில் கயலின் துணியைக் காயப்போட்டுக்கொண்டே. குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை. அதன் பிறகு பல மாதம் அவர் உன்னை 'நீ' என்றும் சொல்லவில்லை, 'நீங்க' என்றும் சொல்லவில்லை. இரண்டும் வராதபடி வாக்கியத்தை வளைத்து வளைத்துப் பேசுவார். நீ அதைக் கவனித்து என்னிடம் சொல்லிச் சிரித்தாய்.

ஒருநாள் நீமா உன்னிடம், உங்கள் ஊரில் என்ன வேலை செய்தீர்கள் என்று என் மூலமாகக் கேட்டாள். நாற்று நட்டதைச் சொன்னாய். அறுத்ததைச் சொன்னாய். வரப்பில் உட்கார்ந்ததையும் சொன்னாய். நான்தான் மொழிபெயர்த்தேன், ஒரு வார்த்தை விடாமல். நீமா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சில வாரம் கழித்து, ஒரு காலையில் குடியிருப்பின் எந்த வீட்டுக்கும் வேலைக்காரப் பெண்கள் வரவில்லை. எல்லோரும் வாசல் கேட்டுக்கு அருகே மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை வேண்டும் என்பது அவர்கள் கேட்டது. தனக்கு ஏற்கெனவே விடுமுறை இருந்தும் நடுவில் நீமா இருந்தாள்.

நூற்பாலையின் நிர்வாக அதிகாரி நேரே நம் வீட்டுக்குத்தான் வந்தார். அவரும் இந்தியர். இது உங்கள் வீட்டிலிருந்துதான் கிளம்பியிருக்கிறது, ஒப்பந்தம் புதுப்பிக்கிற சமயம், பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று உன் மாப்பிள்ளையிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். என்ன சொன்னார் என்று கேட்டாய். ஒளிக்காமல் சொன்னேன்.

"மாப்ள, உங்க வேலைக்கு எதுவும் ஆயிடுமா?"

"ஆனாலும் ஆகலாம் அத்தை. அதுக்காக நீங்க ஒண்ணும் யோசிக்க வேணாம். உங்களுக்கு எது சரின்னு படுதோ செய்யுங்க."

"எனக்கு அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும்" என்றாய்.

மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாம் பாபநாசத்து அம்மாள் வீட்டில் கூடியிருந்தார்கள். நீ நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு கிளம்பினாய். நேரே அடுத்த வீட்டுக்குப் போகாமல் மாமரத்தைச் சுற்றிக்கொண்டு போனாய். அந்தப் பெண்கள் எழுந்து நின்று ஷிகாமூ என்றார்கள். ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாக மரஹபா சொன்னாய். பிறகு என்னை அழைத்துக்கொண்டு அந்தக் கூடத்துக்குள் போனாய். நீ தமிழில் பேசினாய், நான் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"நாங்க அறுப்பு அறுக்கமாட்டோம்னு வரப்புல உக்காந்தப்ப எங்களக் கூப்பிட்டு என்னன்னு கேட்டிருக்கணும். யாரும் கேக்கல. வெளியாளக் கொண்டாந்தாங்க, போலீஸக் கொண்டாந்தாங்க. இந்தப் புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு நான் ஜெயிலுக்குப் போனேன். வெளிய உக்காந்திருக்கிற பொம்பளைங்க வாரத்துல ஒரு நா தன் புள்ளைங்களோட இருக்கணும்னு கேக்குறாங்க. குடுங்கன்னு சொல்ல நான் வரல. கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசுங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்."

'இந்தப் புள்ளைய' என்பதை மொழிபெயர்க்கும்போது என்னையே கையால் காட்ட வேண்டியிருந்தது. அங்கிருந்தவர்கள் என்னை மரியாதையாக சிஸ்டர் என்று அழைப்பவர்கள், காய்ச்சல் என்றால் என்னிடம் ஓடிவருபவர்கள். எனக்குக் கொஞ்சமும் கூச்சமாக இல்லை அம்மா. அந்தக் கூடத்தில் என்னைவிட உயர்ந்த இடத்திலிருந்து வந்தவர் யாரும் இல்லை என்று தோன்றியது.

அங்கே வந்திருந்த நிர்வாக அதிகாரி பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பாபநாசத்து அம்மாள் எழுந்தார்.

"அந்த வருஷம் எங்க வயல்ல அறுக்க ஆளில்லாம நெல்லெல்லாம் தரையில கொட்டிப்போச்சு" என்று உன்னைப் பார்த்துச் சொன்னார். "கூப்பிட்டுப் பேசியிருக்கலாம்னு எங்க அப்பா ரொம்ப நாள் கழிச்சுச் சொன்னாரு. நீங்க சொல்றது சரிங்கம்மா."

'நீங்க' என்றார். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ தலையை மட்டும் அசைத்தாய்.

அவரே வாசலுக்குப் போய் அந்தப் பெண்களை உள்ளே கூப்பிட்டார். நாற்காலி போதவில்லை. பாதிப் பேர் பாயில் உட்கார்ந்தார்கள், அவரும் பாயில் உட்கார்ந்தார். எல்லா வீட்டிலும் ஞாயிறு விடுமுறை என்று மதியத்துக்குள் பேசி முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீமா நம் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தாள், இரண்டு பிள்ளைகளையும் குளிப்பாட்டி அழைத்துக்கொண்டு.

எல்லோரும் மனம் மாறிவிடவில்லை. சில வீடுகளில் எங்களைப் பிறந்தநாளுக்குக் கூப்பிடுவது நின்றது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது, ஆனால் உன் மாப்பிள்ளைக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. உன்னிடம் நாங்கள் சொல்லவில்லை. நீ ஊர் திரும்பும் நாளில் விமான நிலையத்துக்குப் போகும் வழியில், "மாப்ளைக்கு வரவேண்டியது வராமப் போச்சுன்னு எனக்குத் தெரியும்" என்றாய். அவர் வண்டியை ஓட்டிக்கொண்டே, "எனக்கு வந்தது போதும் அத்தை" என்றார்.

இங்கேயே இருந்துவிடு என்று எவ்வளவோ கெஞ்சினேன். "என் பேருல ஒரு மனை இருக்கு. அதுலதான் நான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டாய். அப்படியே இருந்தாய், கடைசிவரை.

நீ இறந்த அன்று நாங்கள் தஞ்சாவூரிலிருந்து வந்து சேர்ந்தபோது சேரி நிறைந்திருந்தது. மதியம் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பாபநாசத்து அம்மாள் இறங்கினார். அவர் கணவர் ஓய்வுபெற்றதும் சொந்த ஊருக்கே திரும்பியிருந்தார்கள். நீடாமங்கலம் கடைத்தெருவில் உன் பெயரைச் சொல்லி, சேரிக்கு வழி கேட்டு வந்திருக்கிறார். உள்ளே வந்து உன் கால்மாட்டில் பெண்களோடு தரையில் உட்கார்ந்து அழுதார். நம் வீட்டுத் தேநீரை வாங்கிக் குடித்தார்.

சாவுக்கு வந்து தெருமுனையில் நின்றிருந்தவர்களில் ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு அந்த அம்மாளின் குடும்பத்தைத் தெரிந்திருந்தது. அம்மாள் திரும்பிப் போகும்போது அந்தப் பெரியவர் ஆச்சரியத்தோடு கேட்டார், நீங்கள் எங்கே இங்கே, இவர்கள் உங்களுக்கு என்ன வேண்டும் என்று. நான் ஆட்டோவரை வழியனுப்பக் கூட நடந்துகொண்டிருந்தேன்.

"அடுத்த வீட்டுக்காரங்க" என்றார் பாபநாசத்து அம்மாள்.

பாபநாசத்துக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில் எத்தனை ஊர் இருக்கிறது அம்மா. அதில் ஒன்றில்கூட உனக்கும் அவருக்கும் அடுத்தடுத்த வீடு அமைந்திருக்காது. அந்தப் பெரியவருக்கு அது விளங்கவில்லை. கயலுக்கு நான் விளக்கிச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கும் ஒரு மகள் இருக்கிறாள், அவளுக்கும் சொல்வேன். யார் என்னை எந்தத் தெரு என்று கேட்டாலும், உன் பெயரையும் சேரியின் பெயரையும் சேர்த்தே சொல்கிறேன், உன்னைப்போலவே, கையிலிருக்கும் வேலையை நிறுத்தாமல்.