பெரிய துவக்கு யாருக்கு

நேற்று லோரன்ஸ் வீதியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, பழைய குளிர்க்கோட்டின் உட்பையில் கையை விட்டேன். விரலில் ஏதோ மெத்தென்று பட்டது. மஞ்சள் நிறக் காதடைப்பான், ஒன்றே ஒன்று. துவக்குச் சுட்டுப் பழகும் திடலுக்கு நாங்கள் போன நாட்களில், நண்பரே, நீர் பெட்டியாக வாங்கி வைத்திருந்த சாமான். நசுக்கிப் பார்த்தேன். அது தன்பாட்டில் மெல்ல ஊதிப் பழைய வடிவத்துக்கு வந்தது. என்னவோ நினைத்துக்கொண்டு அதைக் காதில் வைத்தேன். லொறிகளும், பக்கத்தில் போனில் கத்திக்கொண்டிருந்த பெடியனும் பாதியாகக் குறைந்து, என்னுடைய மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. அந்த மூச்சுச் சத்தத்தோடு நீர் வந்துவிட்டீர். பஸ் வந்தது, நான் ஏறவில்லை.

நீர் போய் ஒரு குளிர்காலம் முழுதாக முடிந்துவிட்டது. இறுதிச் சடங்கில் உம்மைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுதிக்கொண்டு போயும் நான் எழும்பவில்லை. சொல்ல வேண்டியது ஒன்றுதான் இருந்தது. அதை ஒலிவாங்கியில் சொன்னால் சிறுத்துப்போய்விடும் போலிருந்தது. ஆகவே உமக்கே எழுதுகிறேன்.

தொழிற்சாலையில் நீர் கடைசல் இயந்திரத்தில் நின்றீர். நான் அளவு சரிபார்க்கும் மேசையில் இருந்தேன். உம்முடைய உருப்படி ஒன்றை நான் திருப்பி அனுப்பிய நாளில்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது. அதைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்து, "கண்ணுக்குத் தெரியாத பிழைக்குத் திருப்பி அனுப்புற மனுசன் ஆரெண்டு பாக்க வந்த நான்" என்றீர். அன்றிலிருந்து நான் உமக்கு 'இஞ்சினியர்'. நான் உம்மை 'நீர்' என்று அழைத்தது மட்டக்களப்பாரான உமக்குத் தீராத பகிடி. "நீங்க எண்டும் இல்ல, நீ எண்டும் இல்ல. இதென்ன, யாழ்ப்பாணத்தார் நடுவில ஒரு மரியாதையை ஒளிச்சு வைச்சிருக்கிறீங்க?" இப்போதும் அந்தச் சொல்லிலேயே எழுதுகிறேன். வேறு சொல் எனக்கு வராது.

நாங்கள் இருவரும் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம், தொழிற்சாலை நண்பர்களோடு மூஸ் என்ற பெரிய மான் வேட்டைக்கு வடக்கே போயிருந்தீர். திரும்பி வந்தபோது மூஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கூடாரத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்த இறைச்சிக்குக் கரடி ஒன்று வந்ததாம். மற்றவர்கள் தட்டிக் கத்தித் துரத்தியபோது நீர் துவக்கோடு அப்படியே நின்றீராம். "கையில சாமான் இருந்தும் மரம் மாதிரி நிண்டன், இஞ்சினியர். அவங்கள் சிரிச்சாங்கள். அது பரவாயில்ல. அந்தக் கரடியை ஒருக்காக் கண் திறந்து பாக்கோணும் எனக்கு." கரடி வேட்டைக்கு என்னையும் வரச் சொன்னீர். காயப்பட்ட கரடி புதர் மண்டிய பற்றைக்குள் போனால் பின்தொடர்ந்து போய்த்தான் தீர வேண்டும், அதற்கு இரண்டு பேர் வேண்டும் என்றீர். நானா என்று கேட்டேன். "எனக்குத் தெரிஞ்ச ஆக்களில அவசரப்படாத ஆள் நீங்கதான்" என்றீர்.

அந்தக் குளிர்காலம் முழுதும் வெக்ஸ்போர்ட் பகுதியில் இருந்த உம்முடைய வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எங்களுக்குத் துவக்குப் பேச்சுத்தான். உமக்கு மூன்று ஏழு ஐந்து என்ற பெரிய அளவுத் துவக்குத்தான் வேண்டும். ஆபிரிக்காவில் எருமைக்கும் யானைக்கும் கொண்டுபோகிறது. "பெரிய மிருகத்துக்குப் பெரிய ரவை. இதில என்ன ஆராய்ச்சி?" என்று கேட்டீர். நான் என் வழக்கப்படி வாசித்து, குறித்து, கோடு போட்டுக்கொண்டு வந்தேன். ஒன்ராறியோக் கறுப்புக் கரடிக்கு முந்நூற்றெட்டு என்ற நடுத்தர அளவே போதும். ரவைக் குண்டின் பருமனை விட அது எலும்பில் பட்டுச் சிதறாமல் உள்ளே போவதுதான் முக்கியம். பற்றைக் காட்டில் நீளக் குழல் கிளைகளில் மாட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெரிய துவக்கின் உதைக்குப் பயந்து சுடுகிறவனின் கை கோணுமானால் எவ்வளவு பெரிய ரவையும் வீண். நீர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கரடிக்கும் இதை ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க. படுத்திரும்" என்றீர்.

தேத்தண்ணி கொண்டுவந்த உம்முடைய மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"துவக்குக்குத் தப்பித்தானே அண்ணே இந்த நாட்டுக்கு ஓடி வந்த நாங்க. இஞ்ச வந்து காசு குடுத்து அதை வாங்கி வீட்டுக்குள்ள வைக்கப் போறாராம். நீங்களும் சேந்து தாளம் போடுறீங்க."

நீர் தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தீர். நான் என் தாள்களை அடுக்கினேன். கடைசியில் நீர் பெரியதைத்தான் வாங்கினீர்.

பனி கரைந்த பிறகு நகருக்கு வடக்கே உள்ள சுடும் திடலுக்குப் போனோம். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஃபின்லாந்துக்காரர், அதிகம் பேசாதவர். நீர் மூன்று தரம் சுட்டு, தோளைத் தேய்த்துக்கொண்டே பெரிய சந்தோஷத்தோடு திரும்பினீர். இலக்குத் தாளில் ஒரு ஓட்டைகூட நடுவுக்குக் கிட்ட இல்லை. அந்த மனிதர் துவக்கை வாங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று தானே ரவை போட்டுக் கொடுத்தார். நீர் குறிபார்த்து விசையை இழுத்தீர். 'க்ளிக்' என்று ஒரு சத்தம் மட்டுமே வந்தது. அவர் ரவையே போட்டிருக்கவில்லை. ஆனால் குழல் நுனி ஒரு சாண் கீழே குனிந்துவிட்டது. உம்முடைய கண்கள் இறுக மூடியிருந்தன. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். சில தரம் ரவை இருந்தது, சில தரம் இல்லை. இல்லாத ஒவ்வொரு தரமும் நீர் குனிந்தீர்.

பிறகு என்னிடம் நீட்டினார். நான் மரப் பிடங்கைத் தோளில் அணைத்துப் பிடித்தேன். வெறும் 'க்ளிக்' வந்தபோது குழல் அசையவில்லை. ரவை இருந்தபோது தோளில் கோடரிப் பிடியால் அடித்தது போலிருந்தது. ஆனாலும் கண் திறந்தபடியே இருந்தது. எனக்கே அது புதினமாக இருந்தது.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் நீர் கார் ஓட்டினீர். நான் ஆறுதல் சொல்ல நினைத்து, பழகினால் போய்விடும், புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கு என்று தொடங்கினேன்.

"இது புத்தகத்தில இராது, இஞ்சினியர்" என்றீர். "சின்ன வயசில இருந்து வெடிக்குக் குனிஞ்சு பழகின தலை இது. குனியாம நிண்டவன் ஒருத்தனும் இப்ப இல்ல. குனிஞ்சபடியாத்தான் நான் இந்தக் காரை ஓடிக்கொண்டிருக்கிறன்."

நான் படிப்புக்கென்று ஊரை விட்டு வெளிக்கிட்ட காலத்தில் அங்கே திருவிழா வெடியைத் தவிர வேறு வெடி கேட்டதில்லை. என் கண் மூடாததற்குத் துணிவு காரணமில்லை. அதை மூடப் பழக்குவதற்கு ஒன்றும் நடக்கவில்லை, அவ்வளவுதான். அதை உமக்குச் சொன்னேனா என்று இப்போது நினைவில்லை.

அடுத்த கிழமை நீர் என் வீட்டுக்கு வந்து, "பெரிசு உங்களுக்கு. நான் முந்நூற்றெட்டு எடுக்கிறன்" என்றீர். நான் மறுத்தேன். என் உடம்பு வாகுக்கு அது பொருந்தாது, பிடங்கே எனக்கு நீளம் என்றேன். நீர் பிடங்கை எனக்கு அளவாக வெட்டுவித்துக்கொண்டு வந்தீர். ஆவணி முடியும்வரை சனிக்கிழமைகளில் போய்ப் பழகினோம். உம்முடைய ஓட்டைகள் மெதுமெதுவாக நடுவுக்கு வந்தன. குனிவு போய்விட்டது என்று இருவரும் நம்பினோம்.

புரட்டாதியில் வடக்கே போனோம். மரம் வெட்டி வெறுமையாக விட்டிருந்த ஒரு வெளியின் ஓரத்தில், விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னால் இருந்தோம். இரண்டாம் நாள் பின்னேரம், புளூபெரிச் செடிகளுக்குள்ளிருந்து கரடி வந்தது. நாய் போல வருமென்று நினைத்திருந்தேன். அது ஒரு முதலாளி தன் காணியைச் சுற்றிப் பார்ப்பது போல வந்தது. பக்கவாட்டாகத் திரும்பியது. நீர் சுட்டீர். கரடி ஒரு முறை உறுமிக்கொண்டு எதிரே இருந்த பற்றைக்குள் பாய்ந்தது.

நீர் துவக்கை இறக்கவில்லை. அப்படியே இருந்துகொண்டு, "கண் மூடிட்டன்" என்றீர்.

"பட்டது. நான் பாத்தனான்."

"பட்டது பின்னுக்கு. எனக்குத் தெரியும்."

கொஞ்ச நேரம் பொறுத்திருந்தோம். போய்ப் பார்த்தபோது இலைகளில் இரத்தம் இருந்தது. பற்றை எங்கள் தலைக்கு மேல் உயரம். உள்ளே ஆறடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. நாங்கள் போட்டிருந்த திட்டத்தின்படி நீர் முன்னால், நான் பெரிய துவக்கோடு பின்னால். நீர் பற்றையைப் பார்த்தீர், என்னைப் பார்த்தீர். பிறகு உம்முடைய துவக்கைத் திறந்து, ரவைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டீர். வெறும் துவக்கை முதுகில் மாட்டினீர்.

"என்ன செய்யிறீர்?"

"நீங்க முன்னால போங்க."

"நானோ? ரவையில்லாமல் நீர் பின்னால வாறீரோ? விசரோ உமக்கு? அப்ப இஞ்சயே நில்லும்."

"தனிய விடமாட்டன். ரெண்டு கண்ணால இதுக்குள்ள ஒண்டும் காணேலாது. நாலு கண் வேணும்."

"அப்ப ரவையைப் போடும்!"

நீர் குரலை உயர்த்தவில்லை. "அது வெளிக்கிட்ட உடன நான் கண் மூடிச் சுடுவன், இஞ்சினியர். எனக்கு முன்னால நிக்கிறது உங்கட முதுகு."

நான் முன்னால் போனேன். என் இடது தோளில் உம்முடைய உள்ளங்கை இருந்தது. இடப்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் விரல்கள் அழுத்தின. நிற்க வேண்டுமென்றால் கை கனத்தது. காதுக்குள் என் மூச்சு மட்டும். உம்முடைய மூச்சு என் பிடரியில் பட்டது. அது சீராக இருந்தது. கையில் ஒன்றுமில்லாத உம்முடைய மூச்சுச் சீராக இருந்தது.

கரடி ஒரு பள்ளத்தில் சரிந்து கிடந்தது. நீளக் கம்பொன்றால் கண்ணைத் தொட்டுப் பார்த்தோம். இறந்திருந்தது. நான் ஒரு ரவைகூடச் சுடவில்லை. நீர் அதன் பக்கத்தில் குந்தி, காதுக்குப் பின்னால் இருந்த மயிரை விரலால் கோதிவிட்டு, "கண் திறந்து பாத்திட்டன்" என்றீர். பிறகு அழுதீர். நான் வேறு பக்கம் திரும்பி நின்றேன்.

திரும்பி வந்து வீட்டில் கதை சொன்னபோது, "இஞ்சினியர்தான் முன்னால போனவர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னீர். உம்முடைய மனைவி நம்பவில்லை. "இவரா? ரோட்டைக் கடக்க இவருக்குப் பச்சை விளக்கு ரெண்டு தரம் விழோணும்!" எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ரவையைக் கழற்றிய கதையை நீர் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் வேட்டைக்குப் போகவுமில்லை.

ஆனால் நான் அந்தப் பற்றையை விட்டு வெளியே வரவில்லை. அந்தக் கரடி உயிரோடு எழும்பியிருந்தால் நான் சுட்டிருப்பேனா? திடலில் கடதாசிக்கு முன்னால் மூடாத கண், கரடிக்கு முன்னால் மூடாது என்பதற்கு என்ன ஆதாரம்? என்னை நம்பி ஒருவர் உயிரைக் கொண்டுவந்து என் முதுகுக்குப் பின்னால் வைத்தார், நான் அதற்குத் தகுதியானவனா என்று வருடக்கணக்காக உருட்டிக்கொண்டிருந்தேன். உம்மிடம் கேட்கவும் பயம்.

கடைசியாக ஆஸ்பத்திரியில்தான் கேட்டேன். நீர் மெலிந்து, தலையணைக்குள் புதைந்து கிடந்தீர்.

"அது எழும்பியிருந்தால் நான் சுட்டிருப்பனோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது."

"எனக்கும் தெரியாதுதான்" என்றீர்.

"அப்ப என்னத்தை நம்பி ரவையைக் கழட்டினீர்?"

கண்ணை மூடிக்கொண்டீர். நித்திரையாகிவிட்டீர் என்று நினைத்தேன். பிறகு உதட்டோரத்தில் உம்முடைய பழைய சிரிப்பு வந்தது.

"உங்களை நம்பினன் எண்டு ஆரு சொன்னது? என்ட கையால உங்களுக்கு ஒண்டும் நடக்கக்கூடாது. அதுக்குத்தான் கழட்டினது. மத்ததெல்லாம் கரடியின்ட பாடு."

வாழ்நாள் முழுதும் அளந்து பார்த்து, சரி என்றும் பிழை என்றும் அடையாளம் போட்டவன் நான். என்னையும் அப்படித்தான் அளந்துகொண்டிருந்தேன். ஒரு நாளும் சரி வரவில்லை. நீர் என்னை அளக்கவே இல்லை என்பது அந்தக் கட்டிலருகில்தான் தெரிந்தது. நான் துணிந்தவனா இல்லையா என்ற கேள்விக்கு உம்மிடம் இடமே இருக்கவில்லை. என் முதுகு அங்கே இருந்தது. அது பத்திரமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் உம்முடைய கணக்கு.

எனக்குப் பயம் இன்னும் போகவில்லை. வைத்தியரின் கதவுக்கு முன்னால், அறிமுகமில்லாத இலக்கத்திலிருந்து வரும் அழைப்புக்கு முன்னால், ஐஸ் உறைந்த படிகளின் முதல் படியில், இப்போதும் நின்றுவிடுகிறேன். என்னால் முடியுமா என்று முன்போல் கேட்டுப் பார்க்கிறேன். பதில் வருவதில்லை. அதற்குப் பதிலாக இடது தோளில் ஒரு உள்ளங்கை வந்து இருக்கிறது. அந்தக் கையில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்தப் பாரத்தோடு காலை எடுத்து வைக்கிறேன்.