ஒரே கேள்வித்தாள், இரண்டு ஊர்

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போன் செய்தால் உன் வீட்டுக்காரர்தான் எடுக்கிறார். "குளிச்சிட்டு இருக்கா அக்கா, அப்புறம் பேசச் சொல்றேன்" என்கிறார். ஒரு வாரமாக நீ குளித்துக்கொண்டே இருக்கிறாய். மெசேஜ் அனுப்பலாம்தான். நீ அதைப் படித்துவிட்டாய் என்று தெரிந்தும் பதில் வராவிட்டால் என்னால் தாங்க முடியாது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் உன் மாமாவுக்கு முழங்கால் வலி விடவில்லை. தண்ணீர் நிலையத்தில் ஆள் குறைவு. மோட்டார் அறைக்கும் தொட்டிக்கும் அவரே ஏறி இறங்குகிறார். எனக்கு அதே பல் மருத்துவமனை, அதே வரவேற்பு மேஜை. வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளைச் சமாதானம் செய்வதிலேயே பாதி நாள் ஓடிவிடுகிறது. சரி, இதையெல்லாம் கேட்கும் மனநிலையில் நீ இருக்கமாட்டாய்.

ஆறாம் வகுப்பு நுழைவுப் பரீட்சை முடிவு வந்த அன்று நான் வேலையில்தான் இருந்தேன். என் மகள் வாலுவின் நம்பரைப் பார்த்ததும் உள்ளே ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். நாற்காலியில் படுத்திருந்தவர்கூட, வாய் நிறையப் பஞ்சோடு, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். வரும் வழியில் இனிப்பு வாங்கி மாடி முழுக்கக் கொடுத்துவிட்டுத்தான் உன்னைக் கூப்பிட்டேன். நீ எடுத்ததுமே "பாஸாயிட்டா!" என்று கத்தினேன். உன் மகள் என்ன ஆனாள் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. ஞாயிறு தவறாமல் போனிலேயே இவளுக்குப் பின்னக்கணக்கு சொல்லிக்கொடுத்தவள் அவள். தப்புச் செய்தால் "எழுந்து வெளியில போய் நில்லுடி" என்று அங்கிருந்தே அதட்டி, நம் இரண்டு வீட்டிலும் டீச்சர் என்று பெயர் வாங்கியவள். வாலுவே தேறிவிட்டாள் என்றால் டீச்சரைப் பற்றி என்ன சந்தேகம்?

"சந்தோஷம்க்கா" என்றாய். அப்புறம், "இவ எழுபத்தி நாலு. கிடைக்கலை" என்றாய். வாலு அறுபத்தொன்று. அதற்குமேல் நாம் இருவரும் என்ன பேசினோம், யார் முதலில் போனை வைத்தது என்றே நினைவில்லை.

வாலு பக்கத்தில்தான் நின்றிருந்தாள். "அவளுக்குத்தானே அதிக மார்க்? அப்புறம் எப்படிம்மா?" என்றாள். கேள்வித்தாள் எல்லா ஊருக்கும் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் இப்படி ஒரே ஒரு பள்ளிக்கூடம்தான், சித்தி ஊரில் ஒரு இடத்துக்கு இருபது பேர் முட்டி மோதுகிறார்கள், இங்கே மூன்று பேர்தான் என்று சொன்னேன். "அப்ப நான் இங்க இருக்கறதாலதான் பாஸா?" என்று கேட்டாள். நீயும் உழைத்துத்தானே படித்தாய் என்றேன். கையில் இருந்த இனிப்பைத் திரும்ப டப்பாவிலேயே வைத்துவிட்டாள்.

மாமாவுக்கு இந்த ஊருக்கு மாற்றல் வந்தபோது நீ எப்படி அழுதாய்! "அந்த ஊருல போய் இவ படிப்பு என்னக்கா ஆகும், எங்ககிட்டயே விட்டுட்டுப் போ" என்றாய். உன் தெருவில் மூலைக்கு மூலை பயிற்சி வகுப்பு. இங்கே ஒன்றுகூட இல்லை. யாருக்குத் தெரியும் இப்படித் தலைகீழாகும் என்று?

மறுநாள் மாமாதான் ஆரம்பித்தார். "டீச்சரை இங்க கூட்டிட்டு வந்துடலாம். அடுத்த வருஷம் ஏழாவதுக்குக் கொஞ்சம் இடம் திறப்பாங்களாம். ஒரு வருஷம் இங்க படிச்சிருந்தா போதுமாம்" என்றார். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் வாலு தன் அலமாரியில் பாதியைக் காலி செய்துவிட்டாள். முதலில் விசாரித்துவிட்டு உனக்குச் சொல்லலாம் என்று, அரைநாள் லீவு போட்டு அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியையைப் பார்க்கப் போனேன்.

அங்கே பெஞ்சில் எங்கள் கீழ்வீட்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். பேக்கரியில் வேலை பார்ப்பவள். முழங்கையில் மாவு ஒட்டியிருந்தது. அவள் மகளும் வாலுவும் ஒரே வகுப்பு, ஒன்றாகத்தான் பரீட்சைக்குப் போனார்கள். அந்தப் பெண்ணுக்கு இரண்டு மார்க்கில் போய்விட்டது. நாங்கள் சேர்ந்து வந்திருக்கிறோம் என்று நினைத்து, இருவரையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார்கள்.

தலைமை ஆசிரியை முதலில் அவளிடம், "யாராவது சேராம விட்டா அடுத்தது உங்க பொண்ணுதான். ஆனா போன வருஷம் ஒருத்தர்கூட விடலைம்மா" என்றார். பிறகு பொதுவாகச் சொல்வதுபோல், "இப்பல்லாம் பெரிய ஊர்ல இருந்து பிள்ளைங்களைக் கொண்டுவந்து இங்க எழுத வைக்கறாங்க. பெத்தவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா இந்த ஊர்ப் பிள்ளைங்களுக்குன்னு வெச்ச இடம் குறைஞ்சுட்டே போகுது" என்றார்.

எனக்கு உன் முகம்தான் கண்முன் வந்தது. "அதிக மார்க் வாங்கின பிள்ளை வெளியில நிக்கறது மட்டும் நியாயமா மேடம்?" என்று கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "இல்லைதான். அங்க இன்னும் ரெண்டு பள்ளிக்கூடம் கட்டணும். அதை விட்டுட்டு, ஒரு குழந்தைகிட்ட இருந்து எடுத்துத்தான் இன்னொரு குழந்தைக்குக் கொடுத்துட்டு இருக்கோம். இவங்க பொண்ணு இந்த மாதிரிக் கேள்வித்தாளைப் பரீட்சை அன்னைக்குத்தான் முதல்முதலாப் பார்த்திருக்கா. அப்படியும் ரெண்டு மார்க்லதான் போயிருக்கு" என்றார்.

பிறகு என்னைப் பார்த்து, "நீங்க என்ன விஷயமா வந்தீங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கீழ்வீட்டு அம்மா சிரித்த முகத்தோடு, "இவங்க பொண்ணு பாஸ் மேடம். ரொம்ப நல்ல பொண்ணு" என்றாள்.

யூனிஃபார்ம் எங்கே வாங்க வேண்டும் என்று கேட்க வந்தேன் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

உன் மகளுக்காகப் பேசப் போனவள், பேசாமலே திரும்பி வந்தேன். வழியில் அந்த அம்மா, வாலு பார்த்துப் படித்த மாதிரித் தாள்களைக் கொடுக்க முடியுமா என்று மட்டும் கேட்டாள். எல்லாம் டீச்சர் அனுப்பியவை. கொடுத்துவிட்டேன். டீச்சருக்காகக் கேட்காமலே வந்துவிட்டேன் என்று வாலுவிடம் சொன்னபோது, "உனக்கு அவ மேல பாசமே இல்ல" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

இப்போதும் எது சரி என்று எனக்குப் பிடிபடவில்லை. நீ ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கே மறுபடி போய் நேராகக் கேட்பேன். கீழ்வீட்டு அம்மாவை மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் கூசும், கூசட்டும். டீச்சரும் நான் தூக்கி வளர்த்த பிள்ளைதான். வேண்டாம் என்று நீ சொன்னாலும் அதில் ஒரு நியாயம் இருக்கும். ஆனால் வீம்புக்காக அனுப்பாதே, வீம்புக்காக அனுப்பாமலும் இருக்காதே. முதலில் அவளிடம் கேள்.

ஒன்று மட்டும் செய். அவளிடம் போய் "பரவாயில்லை" என்று யாரையும் சொல்லவிடாதே. எழுபத்து நான்கு வாங்கிய பிள்ளைக்கு எதற்கு ஆறுதல்? அவள் தேறிவிட்டாள், பெரியவர்கள் நாங்கள்தான் உட்கார இடம் போட்டு வைக்கவில்லை என்று சொல்.

என்மேல் கோபம் இருந்தால் கூப்பிட்டுத் திட்டு. சின்ன வயதில் மூச்சு வாங்க வாங்கத் திட்டுவாயே, அப்படித் திட்டு. குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டேன். நம் கோபம் நம்மோடு இருக்கட்டும். பிள்ளைகள் இருவருக்கும் அதில் பங்கு வேண்டாம்.

நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். பெரியம்மா முத்தம் கொடுத்தாள் என்று சொல்லி டீச்சருக்கு ஒன்று கொடு. அவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டால் துடைத்துக்கொள்ளட்டும். நீ கொடு.

உன் குரலுக்காகக் காத்திருக்கும்,
அக்கா